அக்கரை விலாசம்

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் எண் பலகையைப் படித்துவிடுவாள் கென்ட்ரா. பிறகு என் சட்டையில் குத்தியிருக்கும் அடையாள அட்டையைப் படிப்பாள். பிறகு என் முகத்தை. வாரம் தவறாமல் அவளைக் கால் பயிற்சிக்காக மாவட்ட வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறவன் நான். அட்டையில் இருக்கும் படத்தில் எனக்கு இன்னும் தலைமுடி இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனாலும் ஊன்றுகோலைப் படிமேல் ஊன்றிக்கொண்டு கேட்பாள்.

"இன்னைக்கு உன்ன யாரு அனுப்பினது?"

"மாவட்ட ஆபீஸ்."

"மாவட்ட ஆபீஸ்ல யாரு?"

"ஷெர்ரி."

"ஷெர்ரி லீவுன்னு நேத்து சொன்னாங்களே?"

"நேத்து லீவு. இன்னைக்கு வந்துட்டா. ஏறு தாயே. டயாலிசிஸுக்கு லேட்டாகுதுன்னு பின்னால க்ளைட் மூக்கால அழறான்."

அப்புறம்தான் ஏறுவாள். ஏறியதும் நேராக உட்கார மாட்டாள். இருக்கையைக் கையால் தட்டிப் பார்ப்பாள், இடுப்புப் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். "நேத்து இந்த சீட்ல யாரு உக்காந்தது?" என்று ஒரு கேள்வி. பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும் என்பதால் நான் ரேடியோவைத் திருப்பிவிடுவேன்.

வயது நாற்பத்திரண்டு. எலும்பும் தோலுமாக இருக்கமாட்டாள், நல்ல திடமான உடம்பு. நரம்பில்தான் நோய். மூளையிலிருந்து புறப்படுகிற உத்தரவு கால்வரை வந்து சேராமல் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. ஓடும் பட்டையில் வரிசையாக வருகிற பாட்டில்களை விளக்கொளியில் பார்த்து, விரிசல், குமிழி, கோணல் இருப்பதைப் பொறுக்கித் தள்ள வேண்டும். பல வருஷம் அதைச் செய்தாள். "நல்லாத்தான் இருக்குன்னு தோணிச்சுன்னா, இன்னொரு தடவ திருப்பிப் பாக்கணும்" என்பது அங்கே கற்ற பாடம். பாட்டிலை விட்ட பிறகு மனிதர்களைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தொலைபேசி அடித்தால் எடுப்பாள், பேசமாட்டாள். அந்தப் பக்கம் யார் என்று தெரிகிறவரை மூச்சுக்கூட விடமாட்டாள். பெயர் கேட்டால் செத்துப்போன நாயின் பெயரைச் சொல்வாள். தபாலில் வரும் உறைகளிலிருந்து தன் விலாசத்தை மட்டும் கிழித்து, ஆறிப்போன காப்பியில் ஊறப்போட்டுக் கூழாக்கித்தான் குப்பையில் எறிவாள். சர்ச்சில் இனாமாக மீன் சாண்ட்விச் கொடுத்தால், "இதுல இவங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்பாள். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் மூன்று வேறு நாட்களில் கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பாள். ஒத்துப்போனால் அதுதான் பெரிய சந்தேகம்: "மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்க போல."

சும்மா சொல்லக் கூடாது, அவளுடைய சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. அதைச் சொல்வதற்கு முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு அறுபத்தைந்து முடிந்தபோது என் வீட்டுத் தபால்பெட்டி மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எல்லாம் காப்பீட்டுக் கம்பெனிகள். அறுபத்தைந்து ஆனால் அரசாங்கத்தின் மெடிகேர் காப்பீடு வந்துவிடும். ஆனால் டாக்டர் செலவில், ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்துச் செலவில், ஐந்தில் நான்கு பங்குதான் அது தரும். மிச்சம் ஒரு பங்கு நம் தலையில். அந்தப் பங்குக்கு உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் தனியார் கம்பெனிகள் துணைக் காப்பீடு விற்கின்றன. எனக்கு அடேயப்பா என்ன உபசாரம்! ஒரு முகவன் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை ஒன்று கொண்டுவந்தான். இன்னொருத்தன் உணவகத்துக்கு அழைத்துப்போய் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து "டென்சில் சார், டென்சில் சார்" என்று குழைந்தான். என் நெஞ்சை ஒருமுறை பிளந்து தைத்திருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது. இடது காது கேட்காது. ஒருத்தனும் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வயதில் முதல் ஆறு மாதம் கேட்கக் கூடாது, மறுக்கவும் கூடாது என்று சட்டம்.

கென்ட்ராவுக்கும் அதே மெடிகேர்தான். வேலை செய்ய முடியாதபடி உடம்பு போனவர்களுக்கு, வருஷக்கணக்கில் காக்கவைத்து, இளம் வயதிலேயே அதைக் கொடுக்கிறார்கள். அவளுக்கு அது வந்தது போன இலையுதிர் காலத்தில். அதுவரை, ஓடிப்போன கணவனின் வேலை வழியாக வந்த காப்பீட்டை விவாகரத்துக்குப் பிறகும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது தீர்ந்தது, இது வந்தது. ஆனால் துணைக் காப்பீடு மட்டும் வரவில்லை. அறுபத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்றே ஆக வேண்டும் என்று எங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லை. அதனால் எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே திட்டத்துக்குள் அடக்கி விற்கிற வேறொரு வகை உண்டு. அதைத் திருப்பிப் பார்த்தாள், அதில் அவளுடைய நரம்பு டாக்டர் இல்லை.

அவளுக்கு அரை வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கால் இருக்கிற இடத்திலாவது நிற்பது அந்த மருந்தால்தான். அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது அவள் வாங்குகிற உதவித்தொகையை முழுங்கி ஏப்பம் விட்டுவிடும். கிழவனான எனக்கு ஆப்பிள் பையும் சாப்பாடும் கொடுத்தவர்கள், என் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய ஒருத்திக்குக் கதவைச் சாத்தினார்கள்.

ஆனால் அந்தக் கம்பெனிகளின் முகவர்கள் அவளைக் கூப்பிடாமல் இல்லை. மெடிகேருக்குப் புதிதாக வந்தவள் என்று எப்படியோ மோப்பம் பிடித்து, கிழவி என்று நினைத்துக் கூப்பிடுவார்கள். அதை அவள் ஒரு விளையாட்டாக்கினாள். வண்டியில் போகும்போது ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நானும் க்ளைடும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"வணக்கம் மேடம், உங்க நல்ல நேரம், உங்களுக்காகவே ஒரு பிளான் வச்சிருக்கேன்" என்பான் முகவன்.

"அப்படியா தம்பி? சொல்லு சொல்லு."

அவன் கொட்டுவான். எந்த டாக்டரிடமும் போகலாம், எந்த ஆஸ்பத்திரியும் போகலாம், ஒரு காசு தர வேண்டாம். கென்ட்ரா "ஓகோ", "அட" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பாள். கடைசியில் அந்தக் கேள்வி வரும்.

"பொறந்த வருஷம் மட்டும் சொல்லிடுங்க மேடம்."

சொல்வாள். ஒரு நிமிஷம் காற்றுச் சத்தம் கேட்கும். சிலபேர் "லைன் சரியில்ல" என்பார்கள். சிலபேர் இருமுவார்கள். ஒருத்தன் "இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டு, சொல்லி முடிக்கும் முன்பே வைத்துவிட்டான். எப்படி வைப்பார்கள் என்று நானும் க்ளைடும் காப்பிக்குப் பந்தயம் கட்டுவோம். கென்ட்ராவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். ஒருமுறை கண்ணாடியில் பார்த்தேன். சிரித்து முடித்த பிறகு தொலைபேசியை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஒருத்தி வைக்கவில்லை.

பெயர் போனி என்றாள். பிறந்த வருஷத்தைக் கேட்டாள். கென்ட்ரா சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். போனி பெருமூச்சு விடுவது கேட்டது.

"உங்க பக்கத்துல என்னால விக்க முடியாதும்மா. ஆத்துக்கு இந்தப் பக்கம் நீங்க குடியிருந்தீங்கன்னா வித்தே ஆகணும். இங்க சட்டம் வேற. மெடிகேர் வந்து ஆறு மாசத்துக்குள்ள கேட்டா, எந்தக் கம்பெனியும் முடியாதுன்னு சொல்லக் கூடாது. பிரீமியம் மட்டும் கொஞ்சம் கூட வரும்."

கென்ட்ரா தொலைபேசியைத் தூக்கி, அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ பலே கில்லாடி. மத்தவன் எல்லாம் ஓடிட்டான், இவ என்ன வீட்ட விட்டே கெளப்பப் பாக்கறா" என்றாள்.

உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம்தான், ஆனாலும் அந்த ஆறு என் வாழ்க்கை முழுக்க என் கண் முன்னால் ஓடுகிறது. பாலத்தில் வண்டி ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடலாம். இந்தக் கரையில் முடியாது, அந்தக் கரையில் முடியும் என்றால் யார் நம்புவார்கள்? ஊர் நூலகத்தில் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, மெடிகேர் பற்றி இனாமாக யோசனை சொல்கிற எல்ஸ்வொர்த் என்ற மனிதரிடம் போனாள். இனாம் என்பதால் முதலில் அவரையே விசாரித்தாள். பிறகு வேறு வேறு வாரங்களில் மூன்று முறை அதே கேள்வியைக் கேட்டாள். மூன்று முறையும் அவர் பொறுமையாக ஒரே பதிலைச் சொன்னார். போனி சொன்னது அத்தனையும் நிஜம்.

"அப்ப ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றான் க்ளைட். "அந்தப் பக்கத்து விலாசம் ஒண்ணு புடி. இங்கயே இரு."

எங்கள் ஊரில் இது ஒரு குற்றமாகவே யாருக்கும் படாது. பாதி ஊரின் சின்ன லாரிகளில் அக்கரை எண் பலகைதான் இருக்கும். அங்கே வரி குறைவு. மீன்பிடிக்கும் அனுமதி அங்கே மலிவு என்றால் சித்தப்பா வீட்டு விலாசம், பள்ளிக்கூடம் அங்கே நன்றாக இருக்கிறது என்றால் அத்தை வீட்டு விலாசம். அக்கரையில் ஒரு சொந்தக்காரன் இல்லாதவனுக்கு இங்கே பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று க்ளைட் கேலி செய்வான். அவனுடைய லாரியும் அப்படித்தான்.

கென்ட்ரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் லாரிய எவன் பாக்கறான்? என்னப் பாப்பான். பிரீமியம் கட்டுற வரைக்கும் நான் எங்க படுத்தா அவனுக்கென்ன? மருந்து பில்லு போகும் பாரு, அன்னைக்கு டார்ச் லைட் எடுத்துட்டு வருவான். உன் தலகாணி எங்க இருக்கு, உன் பல்லு வெளக்குற பிரஷ்ஷு எங்க இருக்குன்னு கேப்பான். பொய் விலாசம்னு கார்ட கிழிச்சுட்டுப் போயிருவான். நிஜமாவே போய் இருந்தாத்தான் உண்டு."

"அங்க உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"யாருமில்ல" என்றாள். இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ட்ராயோட அம்மா இருக்காங்க. அதையெல்லாம் ஆளுன்னு கணக்குல எடுத்துக்க முடியாது" என்றாள்.

ட்ராய் அவளை விட்டு ஓடிய கணவன். கால் தள்ளாட ஆரம்பித்த வருஷமே தெற்கே ஒருத்தியோடு போய்விட்டான். அவன் அம்மா லவோன், விவாகரத்து நடந்த அன்று கோர்ட்டில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "என் புள்ள தங்கம்" என்று சொன்னவர். தங்கம் அதற்குப் பிறகு அம்மாவுக்கும் ஒரு போன் பண்ணவில்லை என்பது ஊருக்கே தெரியும். க்ளைடின் வாயில் எதுவும் தங்காது. சர்ச்சில் நடந்த மீன் வறுவல் விருந்தில் அவன் உளறியது லவோன் காதுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது, பழுப்பு கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு லவோன் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷி, கம்பு மாதிரி நிமிர்ந்த முதுகு. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"பின்னால ரூம் ஒண்ணு காலியா இருக்கு" என்றார்.

"எதுக்கு?" என்றாள் கென்ட்ரா.

"எதுக்குன்னா? காலியா இருக்குங்கறேன்."

"அதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒரு லாபமும் இல்ல. ஹீட்டர் செலவுதான் ஏறும்." திரும்பி நடந்து காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு வண்டியில் அதே பேச்சு. தன் உதவித்தொகைமேல் கண்ணு என்றாள் கென்ட்ரா. உடம்புக்கு முடியாமல் போகும் காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் பிடிக்கிறார் என்றான் க்ளைட். காலே வராதவளை நர்சாகப் பிடிக்கிற அளவுக்கு அந்தம்மா மக்கு இல்லை என்றேன் நான். பாவமன்னிப்பு தேடுகிறாரோ என்று நான் கேட்டதற்கு, "அதுக்கு சர்ச் இருக்கு, நான் எதுக்கு?" என்றாள். ட்ராய்தான் பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறான் என்று முடிவு கட்டினாள். எதற்காக ஆட்டுவிக்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. பனிக்காலம் முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கரைந்துகொண்டே வந்தது.

மருந்து ஏற்ற வேண்டிய தேதி வந்தது. அவள் போகவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்" என்றாள். அடுத்த மாதமும் அப்படியே சொன்னாள்.

பனி உருக ஆரம்பித்த ஒரு காலையில் எண் பலகையைப் படித்து, அட்டையைப் படித்து, யார் அனுப்பினது என்று கேட்டு, எல்லாம் முடிந்து ஏறப்போனாள். இடது கால் எழும்பவில்லை. மறுபடி முயன்றாள். கால் தரையிலேயே நின்றது. குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டையில் வந்த கோணல் பாட்டிலை எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படித்தான் இருந்தது அந்தப் பார்வை. நான் இறங்கி வந்து கையில் தூக்கிப் படியில் வைத்தேன். க்ளைட் அவள் ஊன்றுகோலை வாங்கி வைத்துக்கொண்டான்.

பாதி வழியில் கேட்டாள்: "உன் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் வராதுல்ல?"

"வராது. மாவட்ட வண்டி. எங்க எல்ல பாலத்து நடுவுல முடியுது."

"அப்ப யாரு அனுப்பினதுன்னு நான் யாரக் கேக்கறது?"

"ட்ராயோட அம்மாவக் கேளு."

"வாய மூடிட்டு ஓட்டு, பெரிசு" என்றாள்.

ஒரு சனிக்கிழமை என் சொந்த லாரியில் அவளுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். சாமான் என்ன சாமான்! சில அட்டைப்பெட்டிகள், ஒரு மெத்தை, ஒரு விளக்கு. லவோன் வீட்டின் பின் அறை சின்னது, சுத்தமாக இருந்தது. கதவின் உட்பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது. தரையில் மரத்தூள்கூட இன்னும் கூட்டப்படவில்லை.

"இது எதுக்கு?" என்றாள் கென்ட்ரா.

"நீ கேப்பேன்னு தெரியும். கேக்கறதுக்கு முந்தியே போட்டுட்டேன்."

கென்ட்ரா தாழ்ப்பாளைத் தள்ளினாள், இழுத்தாள், ஆட்டிப் பார்த்தாள். "ஸ்க்ரூ சின்னது. ஓங்கி ஒரு தள்ளு தள்ளினா கையோட வந்துரும்" என்றாள்.

லவோன் ஏப்ரன் பையிலிருந்து நீள ஸ்க்ரூக்களை எடுத்து நீட்டினார். நான்தான் மாட்டிக் கொடுத்தேன்.

விண்ணப்பத்தைத் தொலைபேசியிலேயே முடித்துவிடலாம் என்று போனி சொன்னாள். கென்ட்ரா நேரில் வரச் சொன்னாள். அந்த வேடிக்கையைப் பார்க்கவே நான் வேலை முடிந்து பாலத்தைத் தாண்டிப் போனேன். சமையலறை மேசையின் ஒரு பக்கம் போனி, குண்டான, நல்ல சிரிப்புள்ள பெண். எதிரே கென்ட்ராவும் லவோனும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனியின் உரிமச் சான்றைக் கென்ட்ரா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முடித்ததும் லவோன் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"வயசக் கேளுங்க" என்றாள் கென்ட்ரா.

"கேட்டாச்சே மேடம்."

"கேட்டும் போன வைக்கலயே?"

"நேர்லயே வந்து உக்காந்திருக்கேன், எதம்மா வைக்கச் சொல்றீங்க?"

லவோனின் வாய் கோணியது. அவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். உடனே திருத்திக்கொண்டு, "இவளுக்கு இருக்கற வியாதியெல்லாம் கேட்டுட்டு அப்புறம் முடியாதுன்னு சொல்லுவீங்களா? இப்பவே சொல்லிடுங்க. எனக்கு அடுப்புல பீன்ஸ் இருக்கு" என்றார்.

"சொல்ல முடியாதும்மா. சட்டம்" என்றாள் போனி.

ஆறு மாதம் முடியக் கொஞ்சமே பாக்கி இருந்தபோது கார்டு வந்தது. கென்ட்ரா அதை ஜன்னலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலுள்ள எண்ணைக் கூப்பிட்டாள். பிறகு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, அவர்களை அந்த எண்ணைக் கூப்பிடச் சொன்னாள். மருந்து ஏற்றுகிற நாளில் லவோன் தன் பழைய காரில் அழைத்து வந்தார். நான் வாசலில் க்ளைடுக்காகக் காத்திருந்தேன். உள்ளே மருந்து சொட்டி முடியும்வரை அந்தம்மா அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக நர்ஸ் சொன்னாள். வெளியே வரும்போது, தர வேண்டியது ஒன்றும் இல்லை என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு வரும், அப்படித்தானே?" என்றாள் கென்ட்ரா.

"வராது மேடம்."

"அடுத்த மாசம்?"

வரவில்லை. தினமும் தபால்காரன் வருகிற நேரத்துக்கு அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கோடை வந்துவிட்டது, பில் வரவில்லை. இடது கால் முழுசாகத் தேறவில்லை. ஆனால் இன்னும் மோசமாகவும் போகவில்லை.

எல்ஸ்வொர்த்தை நூலகத்தில் பார்த்தபோது நானே கேட்டேன். அவள் இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டால் கார்டு போய்விடுமா? போகாது என்றார். ஒழுங்காகப் பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தால் அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, விலாசம் மாறியதை மட்டும் சொல்லிவிட வேண்டும், அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுடைய பழைய வீடு இன்னும் காலியாகத்தான் கிடந்தது. வண்டியில் அவள் பெயரை மறுபடி சேர்க்கட்டுமா என்று ஷெர்ரியும் கேட்டாள். கென்ட்ராவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் லவோன் கூப்பிட்டார்.

"சனிக்கிழம லாரிய எடுத்துட்டு வா" என்றார்.

"போகணும்னு அவ சொன்னாளா?"

"சொல்ல வேற வேணுமா? வந்த காரியம் முடிஞ்சுது. யாரா இருந்தாலும் போவாங்க. தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தேன்." குரல் கட்டையாக இருந்தது. "கடைசி நேரத்துல பெட்டி கெடைக்காம அலையக் கூடாது. நான் எடுத்து வச்சுட்டேன்."

போனேன். நடையில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. அடியில் புது ஒட்டுப்பட்டை ஒட்டி, மேல்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார் லவோன். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாணலியில் ஆப்பிள் துண்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. ஆப்பிள் தீய்ந்த வாசனை வந்தது.

கென்ட்ரா நடையில், பெட்டிகளுக்கு நடுவே, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்ன யாரு அனுப்பினது?"

"உள்ள நிக்கறாங்களே, அவங்கதான்."

"எதுக்கு?"

"நீ போறேன்னு."

"நான் போறேன்னு எவன் சொன்னான்?" குரல் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி உயர்ந்தது. "அந்தப் பக்கம் கால வச்ச அடுத்த நிமிஷம் கார்டப் புடுங்கிருவானுங்க. என்ன முட்டாள்னு நெனச்சியா?"

"புடுங்க மாட்டாங்க கென்ட்ரா. எல்ஸ்வொர்த் உங்கிட்டயே சொன்னாராமே. எங்கிட்டயும் சொன்னாரு."

"மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் ஒரே மாதிரி சொல்றாரு அந்த ஆளு. அவர நம்பறியா நீ?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. கென்ட்ரா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியை இழுத்து, கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெம்பிச் சரசரவென்று கிழித்தாள். அட்டையைத் தரையில் பரப்பினாள். எழும்பாத இடது காலை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்து, தட்டையாகிறவரை அமுக்கினாள். பிறகு அடுத்த பெட்டிக்குக் கையை நீட்டினாள்.